நோன்பிருக்கும் குடலும் ஒரு சிட்டிகை உப்பும்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையை இப்பகுதி மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மாப்பிள்ளையூரணியின் தாழ்வான தெருக்களில் வெள்ளம் பல நாள் வடியாமல் நின்றது. கிணற்று நீர், சாக்கடை நீர், உப்பளத்து நீர் எல்லாம் ஒன்றாகிக் கிடந்தன. வெள்ளம் இறங்கத் தொடங்கியதும் மருத்துவ முகாம் வந்தது. காய்ச்சலுக்கும் சேற்றுப் புண்ணுக்கும் மருந்து தந்தார்கள். அத்துடன் வீட்டுக்குச் சில பொட்டலங்கள் வீதம் ஒரு வெண்பொடியையும் கொடுத்தார்கள். எங்கள் தெருவின் மூதாட்டி ஒருவர் அதைப் பிரித்து நாவில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஆலிம்சா, இது சீனியும் உப்புந்தானே? இதக் குடுக்கவா இத்தன பேரு கார் போட்டு வந்திருக்காக?"

"சீனியும் உப்பும்தான் பெரியம்மா. ஆனால் இரண்டும் சேர்ந்தால் அது வேறு" என்று சொன்னேன். அவருக்கு அது விடையாகவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் அது போதுமான விடையாகத் தோன்றவில்லை. மனித உடலில் உணவு செல்லும் பாதை முழுவதையும் ஒருமுறை நடந்து பார்த்தால் அல்லாமல் அந்தப் பொட்டலத்தின் பொருள் விளங்காது. அந்தப் பாதையில் நடப்பதற்கு அரபு மொழி பயின்றவனுக்கு ஒரு வசதி உண்டு. பாதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் அரபு மருத்துவர்கள் பெயர்ப் பலகை நாட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றுட் சில கிரேக்கத்திலிருந்து பெயர்த்தவை, சில அவர்களே இட்டவை. பெயர்களைப் படித்தாலே பாதி உடலியல் தெரிந்துவிடும்.

செரிமானம் வாயிலேயே தொடங்கிவிடுகிறது. வெறுஞ்சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்று பாருங்கள், சற்றே இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலியை அறுத்துச் சிறு சர்க்கரைகளாக்குவதே அவ்வினிப்புக்குக் காரணம். நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் உமிழ்நீர் நமக்குச் சுரக்கிறது. வாயிலிருந்து உணவு இறங்கும் குழலுக்கு அரபியில் 'மரீஉ' என்று பெயர். தடையின்றி இன்பமாக இறங்குவது என்ற பொருளுடைய வேரிலிருந்து அது பிறந்தது. திருக்குர்ஆனில் மஹர் பற்றிய வசனத்தில் வரும் 'மரீஅன்' என்னும் சொல்லும் இதே வேரினது. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இக்குழலில் உணவு தன் எடையால் விழுவதில்லை. குழலின் தசைகள் அலையலையாகச் சுருங்கி அதனைத் தள்ளிச் செல்கின்றன. ஒருவன் தலைகீழாக நின்று விழுங்கினாலும் உணவு இரைப்பைக்கே போய்ச் சேரும்.

இரைப்பை, அரபியில் 'மஇதா'. பண்டை மருத்துவர்களின் எண்ணத்தில் இது ஓர் அடுக்களை. உடலின் இயற்கை வெப்பத்தால் உணவு இங்கே சமைக்கப்படுகிறது என்பது கிரேக்கரான ஜாலீனூஸ் காலந்தொட்டு வந்த கொள்கை. மாமேதை இப்னு சீனா (ஹி. 370–428, கி.பி. 980–1037) தம் 'அல்கானூன்' நூலில் இதை விரித்து நான்கு செரிமானங்களைப் பேசுகிறார்: முதலாவது இரைப்பையில், இரண்டாவது கல்லீரலில், மூன்றாவது இரத்த நாளங்களில், நான்காவது ஒவ்வோர் உறுப்பிலும். இரைப்பையில் உருவாகும் கூழுக்கு 'கைலூஸ்' என்று பெயர். 'சமையல்' என்னும் கருத்து இன்று கைவிடப்பட்டுவிட்டது. ஆயினும் உணவு பல நிலைகளில் படிப்படியாக மாற்றப்பட்டு, இறுதியில் ஒவ்வோர் உறுப்பும் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்கிறது என்ற அடிப்படையை இன்றைய அறிவியலும் மறுக்கவில்லை.

இரைப்பை தொடர்பாக ஓர் இடைக்குறிப்பு. வயிறே நோயின் இல்லம் என்னும் கருத்தில் வழங்கும் வாசகம் ஒன்று நம் மேடைகளில் நபிமொழியாகச் சொல்லப்படுவதுண்டு. அது நபி (ஸல்) அவர்களின் சொல் அன்று. அரேபியரின் பழைய மருத்துவரான ஹாரிஸ் பின் கலதாவின் சொல் என்று இமாம் இப்னுல் கையிம் (ரஹ்) 'ஸாதுல் மஆத்' நூலில் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். கருத்து நல்லதாயிருப்பது மட்டுமே ஒன்றை ஹதீஸ் ஆக்கிவிடாது. வயிற்றை மூன்று பங்காக்கி உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் ஒதுக்கச் சொல்லும் நபிமொழி திர்மிதீயில் இருக்கும்போது வேறொன்றைத் தேடிப் போகவும் தேவையில்லை.

இரைப்பையில் உண்மையில் நடப்பது என்ன என்பது கி.பி. 1822இல் அமெரிக்காவில் நேர்ந்த ஒரு விபத்தால் தெரியவந்தது. துப்பாக்கிக் குண்டு பட்ட அலெக்ஸி சான் மார்ட்டின் என்னும் இளைஞர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவர் வயிற்றில் இரைப்பை வரை சென்ற துளை ஆறாமலே நின்றுவிட்டது. வில்லியம் போமான்ட் என்னும் இராணுவ மருத்துவர் அத்துளை வழியாக இறைச்சித் துண்டுகளை நூலில் கட்டி இறக்கி, எடுத்துப் பார்த்து, இரைப்பை நீரைக் குப்பியில் சேகரித்து, 1833இல் நூலாக வெளியிட்டார். உடலுக்கு வெளியே குப்பியிலும் அந்நீர் இறைச்சியைக் கரைத்தது. ஆகவே இங்கு வேலை செய்வது அடுப்பின் வெப்பமன்று, ஒரு வேதிப்பொருள் என்பது உறுதியாயிற்று. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 1836இல் ஷ்வான் கண்டறிந்த பெப்சின் என்னும் நொதியும் சேர்ந்து புரதத்தை உடைக்கின்றன. இவ்வளவு கடுமையான அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதிருக்கக் காரணம், அதன் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் கோழைப்படலம். பிழைத்தவர் ஓர் ஏழைக் கூலியாள் என்பதும், அவர் விருப்பம் எந்த அளவுக்கு மதிக்கப்பட்டது என்பதும் இந்த ஆய்வின் வரலாற்றில் நெருடலாகவே நிற்கின்றன.

இரைப்பையின் கீழ்வாய்க்கு அரபு மருத்துவர்கள் இட்ட பெயர் 'பவ்வாப்': வாயிற்காவலன். இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. கூழாகிவிட்ட உணவைச் சிறிது சிறிதாக மட்டுமே அவன் வெளியே விடுகிறான். கொழுப்பு மிகுந்த உணவென்றால் இன்னும் தாமதிப்பான். பிரியாணி உண்ட வயிறு நெடுநேரம் கனத்திருப்பதற்கு இதுவே காரணம். காவலனைக் கடந்ததும் வருவது 'இஸ்னா அஷரீ', அதாவது பன்னிரண்டு. பன்னிரண்டு விரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரும் நீளம், சுமார் 25 சென்டிமீட்டர். நம் பாடநூல்கள் இதனை முன்சிறுகுடல் என்கின்றன. கல்லீரலிலிருந்து பித்தநீரும், கணையத்திலிருந்து கணையநீரும் இங்கேதான் வந்து கலக்கின்றன. கணையநீர் அமிலத்தின் கடுமையைத் தணித்து, மாவு, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் உடைக்கும் நொதிகளைக் கொண்டுவருகிறது. பித்தநீரோ சவர்க்காரம் எண்ணெயைப் பிரிப்பது போலக் கொழுப்பைச் சிறு துளிகளாக்குகிறது.

இதற்கடுத்த பகுதிதான் என் மாணவர்களை எப்போதும் புன்னகைக்க வைப்பது. அதன் பெயர் 'அஸ்ஸாயிம்'. நோன்பாளி! தமிழில் இடைச்சிறுகுடல். இலத்தீனில் 'ஜெஜூனம்' என்றாலும் பட்டினி என்றே பொருள். இறந்தோரின் உடலை அறுத்துப் பார்த்தபோது இப்பகுதி பெரும்பாலும் வெறுமையாகவே காணப்பட்டதால் பண்டைக் கிரேக்கர் இப்பெயரிட்டனர். அரபு மருத்துவர்கள் அதனைப் பெயர்த்தனர். உணவு நடுவே பாய்ந்துகொண்டிருக்கும் ஓர் உறுப்பு வெறுமையாக இருப்பானேன்? வந்ததை உடனுக்குடன் உறிஞ்சி உள்ளே அனுப்பிவிடுவதால்தான். நோன்பாளி என்று பெயர் பெற்ற குடலே உடலில் மிகுதியாக 'உண்ணும்' குடல் என்பது ஒரு விந்தை.

சிறுகுடல் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ளது. அதன் உட்சுவர் வழவழப்பான குழாய் அன்று. மடிப்புகள், மடிப்புகளின்மேல் பூந்துவாலையின் நூலிழைகள் போன்ற குடலுறிஞ்சிகள், ஒவ்வோர் உறிஞ்சியின் செல்களின் மேலும் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் நுண்ணுறிஞ்சிகள் என அது மேற்பரப்பைப் பெருக்கிக்கொண்டே போகிறது. இதன் பரப்பு ஒரு டென்னிஸ் ஆடுகளத்துக்குச் சமம் என்று பல நூல்களில் எழுதப்பட்டிருக்கும். நானும் வகுப்பில் அப்படியே சொல்லி வந்தேன். 2014இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் மீண்டும் அளந்து, உணவுப்பாதை முழுவதற்கும் சேர்த்து 32 சதுர மீட்டர் அளவே வருகிறது, அது பூப்பந்து ஆடுகளத்தில் பாதிதான் என்று காட்டினர். பாதி ஆடுகளமே ஆனாலும் அது வயிற்றுக்குள் சுருண்டு கிடப்பது வியப்புக்குரியதே.

உறிஞ்சப்பட்ட சர்க்கரையும் புரதத்தின் கூறுகளும் ஒரு பெருஞ்சிரை வழியாகக் கல்லீரலை அடைகின்றன. அச்சிரைக்கு 'பாப்' என்று பெயர், வாயில். ஊருக்குள் நுழையும் சரக்கு சுங்கச்சாவடியில் நிற்பது போல, உணவின் சத்து உடலெங்கும் பரவுமுன் கல்லீரலின் சோதனைக்கு உட்படுகிறது. மிகுதியைச் சேமிப்பது, நஞ்சை முறிப்பது எல்லாம் அதன் பணி. கொழுப்பின் பெரும்பகுதி மட்டும் இவ்வாயில் வழியே வராமல் நிணநீர்க் குழாய்களில் ஏறி, கழுத்தடியில் இரத்தத்துடன் கலக்கிறது.

இனி, மூதாட்டியின் கேள்விக்கு நெருங்கி வருவோம். நாம் ஒரு நாளில் உண்பதிலும் பருகுவதிலும் சேர்ந்து குடலுக்குள் போகும் நீர் சுமார் இரண்டு லிட்டர். ஆனால் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடல் தானே குடலுக்குள் சுரந்து ஊற்றுவது ஆறேழு லிட்டர். ஆக, நாள்தோறும் எட்டு முதல் ஒன்பது லிட்டர் நீர் குடலுக்குள் பாய்கிறது. மலத்தோடு வெளியேறுவது நூறு, இருநூறு மில்லிலிட்டர் மட்டுமே. மற்றதையெல்லாம் சிறுகுடலும் அதன்பின் பெருங்குடலும் மீட்டெடுத்து உடலுக்கே திருப்பித் தருகின்றன. சராசரி மனிதனின் உடலில் ஓடும் இரத்தம் ஐந்து லிட்டர் என்பதை எண்ணிப் பாருங்கள். அதனினும் மிகுந்த நீரை ஒவ்வொரு நாளும் குடல் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் திருப்பிக் கொடுப்பது ஒரு நாள் தவறினால் என்ன ஆகும்? அதற்குத்தான் பேதி என்று பெயர்.

குடல் நீரை எவ்வாறு மீட்கிறது? நீரைத் தனியே இழுக்கும் பொறி எதுவும் குடலில் இல்லை. உப்பு எங்கே செல்கிறதோ நீர் அங்கே பின்தொடரும். ஆகவே குடலின் செல்கள் உப்பின் கூறாகிய சோடியத்தை உள்ளே வாங்கினால் போதும். சோடியம் நுழையும் வாயில்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று விந்தையானது. அவ்வாயில் சோடியம் தனியே வந்தால் திறக்காது. குளுக்கோஸ் தனியே வந்தாலும் திறக்காது. ஒரு குளுக்கோஸுடன் இரண்டு சோடியம் சேர்ந்து வந்தால்தான் திறந்து மூவரையும் உள்ளே விடும். இவர்களைத் தொடர்ந்து நீரும் நுழையும். இத்தகைய கூட்டு நுழைவு நடைபெறுகிறது என்பதை 1960இல் பிராக் நகரில் நடந்த அறிஞர் கூட்டத்தில் ராபர்ட் கிரேன் முன்மொழிந்தார். அரபு இலக்கணத்தில் முழாஃபும் முழாஃப் இலைஹியும் இணைந்தே பொருள் தருவது போல என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. உவமை சற்று இழுபறிதான், ஆனாலும் அவர்களுக்கு நினைவில் நிற்கிறது.

வாந்திபேதி என்று நம் முன்னோர் அஞ்சிய காலராவை இப்போது பார்ப்போம். இக்கரைக்கு அது புதிதன்று. முத்துக்குளிப்புக் காலங்களில் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் ஆயிரக்கணக்கானோர் கூடாரமிட்டுத் தங்குவர். நல்ல குடிநீரும் கழிப்பிடமும் இல்லாத அம்முகாம்களில் காலரா புகுந்து குளிப்பையே கலைத்துவிட்டதுண்டு. (தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்து முடிந்தது.) காலராக் கிருமி குடலைத் துளைப்பதுமில்லை, புண்ணாக்குவதுமில்லை. அது ஒரு நஞ்சை மட்டும் சுரக்கிறது. அந்நஞ்சு குடற்செல்களை மயக்கி, அவை இடைவிடாமல் உப்பையும் நீரையும் வெளியே கொட்டும்படி செய்துவிடுகிறது. இந்நஞ்சைக் கண்டறிந்தவர் கல்கத்தாவின் சம்புநாத் தே. எளிய கருவிகளைக் கொண்டு முயற்குடலில் அவர் செய்த சோதனை 1959இல் வெளியாயிற்று. கடுமையான காலராவில் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீரைக்கூட இழக்கக்கூடும். கண்கள் குழிவிழுந்து, தோல் சுருங்கி, நாடி தளர்ந்து, காலையில் நடந்த மனிதர் மாலையில் மையித்தாகிவிடுவார். அவரைக் கொல்வது கிருமியன்று, நீரிழப்பு.

ஆனால் அந்நஞ்சு ஒன்றை மட்டும் தொடுவதில்லை. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து நுழையும் வாயில் கடும் பேதியிலும் திறந்தே இருக்கிறது. கொட்டும் வழி எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தாலும், உள்ளே வாங்கும் வழி ஒன்று மிச்சமிருக்கிறது. சரியான அளவில் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தால் அவ்வழியே உடல் தன் நீரை மீட்டுக்கொள்ளும். மூதாட்டியின் கையிலிருந்த பொட்டலத்தின் இரகசியம் இவ்வளவுதான்.

இதனை உலகம் ஏற்றுக்கொண்ட விதம் தனிக்கதை. கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953லேயே 186 காலரா நோயாளிகளுக்கு வாய்வழியாகச் சர்க்கரை உப்பு நீர் கொடுத்துக் காப்பாற்றியதை இலண்டன் இதழில் எழுதினார். ஏன் பலிக்கிறது என்ற காரணம் அப்போது தெரியாததால் எவரும் பொருட்படுத்தவில்லை. 1968இல் டாக்கா நகரின் காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோர் வங்காள மருத்துவர்களுடன் சேர்ந்து முறையான சோதனையில் இதை நிறுவினர். அதன்பின்பும், படித்த மருத்துவர்கள் கண்காணிக்காமல் இதைக் கொடுக்கலாமா என்ற ஐயம் நீடித்தது. அந்த ஐயத்தை உடைத்தது 1971இன் துயரம். வங்கப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்தின் பன்காவ் ஊரை அடைந்தனர். அவர்களில் பெரும்பான்மையோர் ஏழை முஸ்லிம்களும் இந்துக்களுமான சிற்றூர் மக்கள். முகாமில் காலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துபோயின. திலீப் மகாலனாபிஸ் என்னும் குழந்தை மருத்துவர், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சமையலுப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா என்ற அளவில் பொட்டலம் கட்டச் செய்து, பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினரையே குவளையில் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். இருபது, முப்பது விழுக்காடாக இருந்த சாவு, அம்மருந்து பெற்றோரிடையே 3.6 விழுக்காடாக இறங்கியது. மகாலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. உயிருடன் இருந்தபோது கொடுத்திருக்கலாம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இங்கே என் பிழை ஒன்றையும் எழுதிவிடுகிறேன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, நான் இளம் ஆசிரியனாக இருந்த காலம். ரமளானில் விடுதி மாணவன் ஒருவனுக்குக் காலையிலிருந்து வயிற்றுப்போக்கு. பத்துப் பன்னிரண்டு முறை போயிருப்பான். நோன்பை விட்டுவிட அவனுக்கு மனமில்லை. மக்ரிபு வரை தாங்குவேன் என்றான். நான் அவன் உறுதியைப் பாராட்டினேன். நோயாளிக்கு நோன்பைப் பிறிதொரு நாளில் நோற்கச் சலுகை உண்டு என்பதை அதே வாரம் வகுப்பில் பாடமாக நடத்தியவன் நான்தான். பேதி என்பது மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கான 'நோய்' என்று என் மனத்தில் பதிவாகவில்லை, அவ்வளவே. அஸருக்குப் பின் அவன் எழுந்திருக்க முடியாமல் விழுந்தான். நாவு காய்ந்து, கண் உள்வாங்கி, சிறுநீரே கழியாத நிலையில் மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம். இறையருளால் பிழைத்தான். காலையிலேயே நோன்பை விடச் சொல்லி இரண்டு செம்பு உப்புச் சர்க்கரை நீர் கொடுத்திருந்தால் ஊசியே தேவைப்பட்டிருக்காது என்று மருத்துவர் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை. உயிருக்கு ஊறு நேரும் என்று அஞ்சும் நிலையில் நோன்பை விடுவது கடமையே என்று நம் ஃபுகஹாக்கள் எழுதியிருப்பதை நான் எத்தனை முறை படித்திருப்பேன்! குடலின் கணக்கு தெரியாததால் அந்த நிலை வந்துவிட்டதை என்னால் அடையாளம் காண முடியவில்லை.

உடல்நலமுள்ள நோன்பாளியின் குடல் வேறு. ஸஹர் உணவு சில மணி நேரத்தில் இரைப்பையைக் கடந்துவிடும். அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு மணிக்கொருமுறை ஓர் அலை இரைப்பையில் புறப்பட்டுச் சிறுகுடலின் முடிவுவரை சென்று, மிச்சம் மீதிகளையும் கிருமிகளையும் கூட்டித் தள்ளுகிறது. உண்ணும்போது இந்த அலை நின்றுவிடும். பிற்பகலில் வயிறு எழுப்பும் ஓசையைப் பசியின் அழுகை என்று எண்ணுகிறோம். உண்மையில் அது துடைப்பத்தின் ஓசை.

வங்கதேசத்தார் பின்னர் இம்மருந்தைப் பொட்டலத்திலிருந்தும் விடுவித்தனர். 1980 முதல் பத்தாண்டுக் காலம் 'பிராக்' என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண்கள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்ற பாடத்தைத் தாய்மார்களுக்குக் கற்பித்தனர். ஒரு கோடிக்கும் மேலான இல்லங்களை அவர்கள் அடைந்தனர். பர்தாவுக்குள் இருந்த பெண்களிடம் பெண்களே சென்று பேசியதால் இது கைகூடிற்று. வெல்லத்தில் உள்ள சர்க்கரையைக் குடற்சுவரின் நொதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துவிடுவதால் வாயில் திறந்துவிடும். உப்பு விளையும் தூத்துக்குடிக்கும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டிக்கும் அருகில் வாழும் நமக்கு இதைவிட எளிய மருந்து எது?

பெருங்குடலையும் விட்டுவிடக் கூடாது. அதன் தொடக்கம் 'அஅவர்', ஒற்றைக் கண்ணன். ஒரு வாய் மட்டுமுள்ள பை என்பதால் அப்பெயர். அடுத்தது 'கூலூன்', முடிவு 'முஸ்தகீம்', நேரானது. கூலூனிலிருந்தே 'கூலன்ஜ்' என்ற வயிற்று வலிநோயின் பெயர் வந்தது. அந்நோய் பற்றித் தனி நூல் எழுதிய இப்னு சீனாவே அந்நோயால்தான் மாண்டார் என்பது வரலாற்றின் கொடுமை. போர்ப் பயணத்தில் பின்தங்கிவிடக் கூடாதே என்று ஒரே நாளில் எட்டு முறை தமக்குத் தாமே குடல்கழுவல் செய்துகொண்டார். குடல் புண்ணாகிவிட்டது. மருந்தில் சேர்க்கச் சொன்ன ஓமவகை விதையை அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தார்கள்; பணியாளன் அபினையும் கூட்டிவிட்டான். இவற்றையெல்லாம் அவர் மாணவர் ஜூஸஜானீ எழுதி வைத்திருக்கிறார். ஹிஜ்ரி 428இல் ஹமதானில் அவர் உயிர் பிரிந்தது. எட்டு முறை நீரை வெளியேற்றிய உடலுக்கு உப்பும் நீரும் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று இன்று எண்ணத் தோன்றுகிறது.

பெருங்குடலை வெறும் கழிவுத்தொட்டி என்றே நெடுங்காலம் கருதினர். அக்கருத்தை மாற்றியதில் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பங்குண்டு. 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டச் சிற்றூர்களில் பரவிய, உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச இயலாத நோயை ஆராய்ந்த மரபு அங்கே இருந்தது. அம்மரபில் வந்த பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவை உப்புக் கரைசலில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தனர். அம்மாவு பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நன்மை தரும் பாக்டீரியாக்கள் அதனைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பமிலங்களாக்கின. அவ்வமிலங்கள் பெருங்குடலைத் தூண்டிச் சோடியத்தையும் நீரையும் உறிஞ்சச் செய்தன. மருந்தைக் குடித்தும் போக்கு குறையவில்லையே என்று தாய்மார் நம்பிக்கை இழப்பது பழைய கரைசலின் பெருங்குறை. இம்முறையில் போக்கின் அளவே குறைந்தது.

இதை முதன்முதலில் படித்தபோது என் நினைவுக்கு வந்தது நோன்புக் கஞ்சி. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் குழையக் காய்ச்சி, உப்பிட்டு, நாளெல்லாம் வறண்டிருந்த குடலுக்கு முதலுணவாகக் கொடுக்கிறோம். குழைந்த அரிசி மாவு மெல்ல மெல்லக் குளுக்கோஸை விடுவிக்கும், உப்பு உடன் நிற்கும், நீர் பின்தொடரும். அரிசியை அடிப்படையாகக் கொண்ட உப்புக் கரைசல் காலராவுக்கு நல்ல பயன் தருகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இதனால் நம் முன்னோர் குடலியலை அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேச நான் வரவில்லை; பலித்ததைப் பின்பற்றினார்கள், அவ்வளவே. கறியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பள்ளிவாசல் கஞ்சியைப் பேதி கண்ட குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். உப்பிட்ட வெறுங்கஞ்சி போதும்.

அளவைப் பற்றி இறுதியாகச் சொல்ல வேண்டியது உண்டு. சர்க்கரை கூடினால் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. உறிஞ்சப்படாமல் எஞ்சும் சர்க்கரை உடலிலிருந்தே நீரைக் குடலுக்குள் இழுத்து, பேதியைப் பெருக்கிவிடும். இக்காரணத்தால்தான் உலக சுகாதார நிறுவனம் 2002இல் பழைய கலவையின் செறிவைக் குறைத்து, லிட்டருக்குக் குளுக்கோஸ் பதின்மூன்றரை கிராம், சமையலுப்பு 2.6 கிராம் என்று திருத்தியது. பொட்டாசியமும் சிட்ரேட்டும் உடன் சேரும். கடைகளில் வண்ண அட்டைப்பெட்டிகளில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற பெயரைத் தாங்கி விற்ற இனிப்புப் பானங்கள் பல இக்கணக்குக்குப் பொருந்தாதவை. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரை அவற்றில் பயன்படுத்தத் தடை விதித்தது. பொட்டலம் கிடைக்காத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் சமமாகத் தட்டிய ஆறு தேக்கரண்டிச் சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. சுவைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் பத்துப் பதினான்கு நாள் வேண்டும். குழந்தை பருக மறுத்தால், சோர்ந்து மயங்கினால், மலத்தில் இரத்தம் கண்டால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

வாந்தி எடுக்கிறதே, எப்படிக் குடிக்கும் என்பது அந்த மூதாட்டியின் அடுத்த கேள்வியாக இருந்தது. பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள் என்று முகாமின் செவிலியர் சொன்னார். மறுநாள் நான் அவ்வழியே போனபோது அவர் திண்ணையில் பேரனை மடியில் கிடத்தி, ஒரு கையில் கிண்ணமும் மறுகையில் கரண்டியுமாக அமர்ந்திருந்தார். தெருவில் இன்னும் முழங்காலளவு நீர் நின்றது.